மலை உடைவதை கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லுமா? சமோலியில் நடந்தது என்ன?

ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜூஸ் கடையில் ஐஸ் கட்டியை சாக்கில் சுற்றி ஒரு அடி அடிப்பாங்க. வளையாது, நசுங்காது. பட்டுன்னு பிளக்கும். எந்தப் பக்கம் பிளக்கும்னு கடைக்காரருக்கே தெரியாது. அதுவே ஒரு மலை உயரத்தில் நடந்தால்?

2021 பிப்ரவரி 7-ல் உத்தராகண்ட் சமோலியில் நடந்தது அதுதான். ரோந்தி சிகரத்தில் இருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தன. உரசிய சூட்டில் பனி உருகி, சேற்று வெள்ளமாகி தபோவன் நீர்மின் திட்டத்தை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 200 பேருக்கு மேல். பலர் வேலையில் இருந்த தொழிலாளர்கள்.

ஐஸ், கண்ணாடி, பாறை மூன்றுக்கும் ஒரே குணம். உள்ளே சின்ன விரிசல் இருந்தால், இழுக்கும் விசை அதன் நுனியில் குவியும். விரிசல் நீள நீள, உடைக்க குறைந்த விசையே போதும். 1921-லேயே கிரிஃபித் இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் மாடல், பனியை ஏராளமான துகள்களாகப் பிரித்து, பிடிப்பு எங்கே அறுகிறது என்று பார்க்கிறது. டிஸ்னியின் 'ஃப்ரோசன்' படத்தில் பனியைக் காட்டிய அதே முறைதான் இப்போ பனிச்சரிவு ஆய்விலும்!

எவ்வளவு விழும்னு கொடுத்தால், எங்கே வரை வரும்னு மாடல் ஓரளவு சொல்லும். எப்போ விழும்னு கேட்டால் திணறும். மலைக்குள் இருக்கும் விரிசலை யார் பார்த்தது?

ரோந்தியில் மேலே தெரிந்த பிளவு மட்டும் பழைய செயற்கைக்கோள் படங்களிலேயே இருந்தது. கீழே ரைனி கிராமத்தில் எச்சரிக்கை அலாரம் வந்தது வெள்ளத்துக்குப் பிறகுதான்.