பக்கத்து ஊருக்கு ஒரு நாள் பயணம்: திட்டத்தை மாணவர்களே போடட்டும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் சுங்கை ரம்பாய் வட்டாரத்து மாணவர்கள் இரண்டு பிரிவாகிவிடுகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கேமரன் மலைக்கும் லங்காவிக்கும் போகிறார்கள். மற்றவர்கள் கைப்பேசியும் கையுமாக வீட்டிலேயே கிடக்கிறார்கள். கேட்டால், "காசு இல்லை, எங்கே போவது?" என்கிறார்கள். இந்தப் பதிலை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. காசு குறைவுதான், ஆனால், அதைவிடக் குறைவாக இருப்பது திட்டம்.

நம் ஊரிலிருந்து மூவார் போகும் பழைய சாலையில் கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர் மாநிலம். இன்னும் சிறிது தூரத்தில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது மூவார் பட்டணம். சாமான் வாங்கவும் மருத்துவமனைக்கும் நம்மில் பலர் அங்கே போய் வந்திருக்கிறோம். ஊரைப் பார்ப்பதற்கென்று போனவர்கள் எத்தனை பேர்?

பார்க்க அங்கே நிறையவே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுல்தான் அபு பாக்கார் காலத்தில் உருவான பட்டணம் அது. பண்டார் மகாராணி என்பது அதன் மற்றொரு பெயர். 2012ஆம் ஆண்டில் அரச நகரமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் நிற்கும் சுல்தான் இப்ராஹிம் ஜாமெக் பள்ளிவாசல் 1925இல் தொடங்கி 1930இல் கட்டி முடிக்கப்பட்டது. இந்தச் சிறிய பட்டணத்துக்குச் சொந்தமாக ஒரு ரயில் பாதையே இருந்தது. 1890 முதல் 1929 வரை பாரிட் ஜாவா பக்கம் ஓடியது. இன்று மூவார், நாட்டின் முக்கியமான தளவாட உற்பத்தி மையம்.

வரலாற்றுப் பாடம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மூவார் ஆற்றைக் கடந்தபோது எதிரே நின்றது 45ஆவது இந்தியப் படைப்பிரிவு. பயிற்சிகூட முழுமையாகக் கிடைக்காமல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த இளைஞர்கள் அவர்கள். இருபது வயதை எட்டாதவர்களும் அவர்களிடையே இருந்தனர். சில நாட்களில் அந்தப் படைப்பிரிவு சிதைந்துபோனது. பின்வாங்கும் வழியில், பாரிட் சூலோங் பாலத்தருகே விட்டுச்செல்லப்பட்ட காயம்பட்ட ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் ஜப்பானியர்களால் கொல்லப்பட்டனர். பாடநூலில் சில வரிகளில் முடிந்துவிடும் செய்தி இது. அந்த ஆற்றின் கரையில் நின்று அதன் அகலத்தைக் கண்ணால் அளந்து பார்த்தால், அந்த வரிகளின் கனம் புரியும்.

நான் வலியுறுத்த வருவது இடத்தை மட்டுமல்ல. பயணத்தை யார் திட்டமிடுகிறார்கள் என்பதே முக்கியம். ஆசிரியர் பேருந்து பிடித்து, சாப்பாடு சொல்லி, தலையை எண்ணி ஏற்றி இறக்கும் சுற்றுலாவில் மாணவர் ஒரு மூட்டையைப் போலப் போய் வருகிறார். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து தாங்களே ஒரு நாள் பயணத்தை வகுத்தால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, மூவாருக்குத் தெற்கே பாரிட் ஜாவா கடலோரச் சேற்றில் இரை தேட வரும் மொட்டைத் தலை நாரையைப் பார்க்க ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் 'புரோங் போத்தாக்' என்று அழைக்கும் பெரிய பறவை அது. கடல் வடிந்து சேறு தெரிந்தால்தான் அது இறங்கும். நம் கடலில் ஒரு நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆக, இந்தச் சனிக்கிழமை காலையில் சேறாக இருந்த இடம் அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் தண்ணீராக இருக்கும். கடல் மட்ட அட்டவணையைப் பார்க்காமல் போனவர் அசாம் பெடாஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். புவியியல் பாடம் இப்படித்தான் மனத்தில் பதியும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் நம்மைப் போலவே சனி, ஞாயிறு. பழைய தகவலை நம்பித் திட்டம் போட்டால் கணக்குத் தவறிவிடும். பேருந்து நேரத்தையும் அப்படியே நம்பக்கூடாது. ஒரு வாரம் முன்பே நிலையத்தில் கேளுங்கள். முதல் பேருந்தைவிட, திரும்பி வரும் கடைசிப் பேருந்து எப்போது என்பதே முக்கியமான கேள்வி. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். அவசரத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் வெள்ளி ஒதுக்குங்கள். காலையிலேயே சாத்தே விற்கும் ஊர் அது, பசியோடு திரும்ப மாட்டீர்கள்.

"பெற்றோர் விட மாட்டார்கள்" என்பீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் விபத்தும் நீரில் மூழ்கிய செய்தியும் விடுமுறைதோறும் இதே நாளிதழில் வருகின்றன. ஆகவே மோட்டார் சைக்கிள் வேண்டாம். ஆற்றிலும் கடலிலும் இறங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். யார் யார் போகிறோம், எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு எங்கே இருப்போம், எப்போது வீட்டுக்கு அழைப்போம் என்பதை ஒரே தாளில் எழுதி அம்மா அப்பாவிடம் கொடுங்கள். "சும்மா வெளியே போயிட்டு வர்றோம்" என்றால் எந்த அப்பாவும் தயங்கத்தான் செய்வார். தாளைப் பார்த்தால் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கிறார் என்றால் பாதி சம்மதம் கிடைத்துவிட்டது என்று பொருள். முதல்முறை ஓர் அண்ணனோ அக்காளோ உடன் வரட்டும், தவறில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிந்ததும் பல்கலைக்கழக அழைப்பு சபாவிலிருந்தோ பெர்லிசிலிருந்தோ கிளந்தானிலிருந்தோ வரலாம். நல்ல துறை கிடைத்தும், "அவ்வளவு தூரமா?" என்று தயங்கி இடத்தைக் கைவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பதினெட்டு வயது வரை பக்கத்து ஊருக்குக்கூடத் தனியாகப் போகாத பிள்ளையைத் திடீரென்று விமானம் ஏற்றிவிட எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? நம்பிக்கை ஒரே நாளில் வளராது. பதினாறு வயதில் மூவாருக்குப் போய்ச் சொன்ன நேரத்தில் வீடு திரும்பிய பிள்ளை, பதினெட்டு வயதில் கோத்தா கினபாலுவுக்குப் போகக் கேட்கும்போது பதில் வேறாக இருக்கும்.

தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்கு, பெரட்டுக் களத்துக்கும் லயத்துக்கும் இடையிலேயே பெரும்பாலான நாட்கள் கழிந்தன. வெளியே போக நேரமும் இல்லை, கையில் காசும் இல்லை. நமக்குப் பேருந்து இருக்கிறது, ஒரு சனிக்கிழமையும் இருக்கிறது. வரும் விடுமுறைக்கு முன் நண்பர்களோடு உட்கார்ந்து அந்த ஒரு தாளை எழுதத் தொடங்குங்கள்.