குன்றின் மேல் ஒரு மைதானம்

பந்தாட்டத்தில் ஆடுகிறவர்களைவிட அதிகச் சிரமப்படுகிற ஒரு கூட்டம் இங்கிலாந்தில் உண்டு. தங்கள் ஊர்க் கோஷ்டி எந்த ஊருக்குப் போனாலும் பின்னோடு செல்லும் ரஸிகர்களைத்தான் சொல்கிறோம். விடியற்காலையில் எழுந்து, கோஷ்டியின் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, நூறு மைல் இருநூறு மைல் பிரயாணம் செய்து, மழையில் நனைந்து, பல சமயங்களில் தோல்வியைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் புறப்படுவார்கள். பழனிக்குக் காவடி எடுத்துச் செல்பவர்களுக்கு முருகன் தரிசனமாவது நிச்சயம். இவர்களுக்கு அந்த நிச்சயமும் கிடையாது.

இப்படிப் போகிறவர்களுக்கு மான்செஸ்டரும் லிவர்பூலும் புதுமையல்ல. பல்லாயிரம் பேர் கூடும் மைதானங்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். யாத்திரையின் ருசி சின்ன ஊர்களில் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். அத்தகைய சின்ன ஊர் ஒன்றுக்கு நேயர்களையும் அழைத்துப் போக விரும்புகிறோம். துணைக்கு ஷெபீல்டு நகரத்து ரஸிகர் ஒருவரைச் சேர்த்துக் கொள்வோம்; காலம் 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி என்று வைத்துக் கொள்வோம்.

ஷெபீல்டு நண்பரின் கோஷ்டிக்கு 'புதன்கிழமை' என்று பெயர். வேடிக்கையல்ல, ஷெபீல்டு வெட்னஸ்டே என்பதே அதன் பெயர். புதன்கிழமை ஓய்வு நாளாக இருந்த தொழிலாளிகள் அன்று கிரிக்கெட் ஆடிய சங்கத்திலிருந்து 1867-ல் கிளைத்த கோஷ்டி அது. நான்கு முறை இங்கிலாந்தின் லீக் பந்தயத்தில் முதலிடம் பெற்றது. அதன் சொந்த மைதானம் நாற்பதினாயிரம் பேரைக் கொள்ளும் அளவினது. காலக் கோளாறினால் 2023-ல் அது மூன்றாம் வகுப்பில் இருந்து கொண்டு, இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிடப் பிரயத்தனம் செய்து கொண்டிருந்தது.

இவர்கள் போக வேண்டிய ஊர் கிளாஸ்டர்ஷயரில் உள்ள நெயில்ஸ்வொர்த். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் அதன் மக்கள் தொகை 5,800-க்கும் சற்றுக் குறைவு. ஷெபீல்டு மைதானத்தின் ஒரு பக்கத்தில் ஊர் முழுவதையும் உட்கார வைத்துவிடலாம். ரயில் ஸ்ட்ரௌடு வரையில்தான். முன்னாளில் நெயில்ஸ்வொர்த்துக்கே ஒரு கிளைப் பாதை இருந்தது. நமக்கு மறக்க முடியாத அந்த 1947-ஆம் ஆண்டில் அதில் பயணி வண்டிகள் நின்றுவிட்டன. இப்போது அந்தத் தடத்தில் ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். ஸ்ட்ரௌடிலிருந்து சுமார் நாலு மைல் பஸ்ஸில் போக வேண்டும்.

போகிற வழியில் பழைய நெசவாலைகள் தென்படும். ஸ்ட்ரௌடு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் சிவப்புக் கம்பளித் துணிக்குப் பேர்போனது. ஆங்கிலேயச் சிப்பாய்களின் செஞ்சட்டைகளுக்கு அங்கேயிருந்து துணி போயிற்று. அந்தச் சட்டைகளை நம் முன்னோர்கள் எந்தச் சந்தர்ப்பங்களில் தரிசித்தார்கள் என்பதை நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. மேலே செல்வோம்.

மேலே என்றால் நிஜமாகவே மேலேதான். ஊர் பள்ளத்தில், மைதானம் குன்றின் உச்சியில். ஏற்றத்தின் செங்குத்து, வெளியூர் ரஸிகருக்கு உள்ளூர்க் கோஷ்டி கொடுக்கும் முதல் அடி. பாதி வழியில் நம் ஷெபீல்டு நண்பர் பேச்சை நிறுத்திவிடுவார். உச்சியில் மைதானத்துக்குப் போகும் சாலைக்கு 'வேறொரு வழி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறி வந்த பிறகு இதைப் படித்தால் யாருக்கும் சற்றுக் கோபம் வரத்தான் செய்யும்.

கோஷ்டியின் பெயர் பாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ். 1889-ல் பீச் என்ற பாதிரியார் ஒருவர் ஆரம்பித்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சில்லறைப் பந்தயங்களில் ஆடிக் கொண்டிருந்தது. 2010-ல் காற்றாடிகளை நட்டு மின்சாரம் விற்கும் டேல் வின்ஸ் என்ற வியாபாரி அதை ஏற்றுக் கொண்டார். அவர் மாமிசம் உண்ணாதவர். தாம் உண்ணாததைப் பிறருக்கு விற்பது முறையல்ல என்று எண்ணினார். 2015-க்குள் மைதானத்தில் மாமிசம் என்ற பேச்சே ஒழிந்தது.

இதைக் கேட்டதும் நம் நேயர்களில் சைவ உணவுக்காரர்கள் பெருமிதத்துடன் நிமிர்ந்து உட்காருவார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும். அங்கே பாலும் கிடையாது. ஆகவே தயிர் இல்லை, மோர் இல்லை, நெய் இல்லை. தேநீரில் விடுவது கூடத் தாவரப் பால். பசும்பால் காப்பி இல்லாமல் காலைப் பொழுது விடியாத நம் குடும்பங்கள் அந்தக் குன்றின் மேல் ஒரு நாள் தாக்குப் பிடிக்குமா என்பது சந்தேகம்.

ஷெபீல்டுக்காரரின் துயரம் இதனினும் பெரிது. இங்கிலாந்தில் பந்தாட்ட இடைவேளை என்றால் இறைச்சி வைத்த 'பை' என்ற பலகாரம் உண்டே தீர வேண்டும். மாவுக் கூட்டுக்குள் பூரணம் வைத்துச் சுட்டது. நமது சோமாசிக்குப் பெரியப்பா முறை ஆகும். பாரஸ்ட் கிரீனில் அதற்குள் பூஞ்சை இனத்திலிருந்து எடுத்த ஒரு புரதத்தையும் லீக் என்ற வெங்காய வகையையும் வைத்துத் தருகிறார்கள். (பந்தாட்ட லீக் வேறு, இந்த லீக் வேறு.) குறை சொல்லிக்கொண்டே வாங்கியவர்கள் பலர் மறுபடியும் போய் வரிசையில் நின்றதாகக் கேள்வி.

வந்தவர் விரும்புவதைத் தருவது உபசாரமா, வீட்டில் உள்ளதைத் தருவது உபசாரமா? பின்னதுதான் என்பது நம் கட்சி. தனக்கென்று ஒரு சமையல் இல்லாத வீட்டுக்கு விருந்துக்குப் போவதில் என்ன சுவாரஸ்யம்? ஆனால், "காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் விருந்தாளியா, ஐயா?" என்று ஷெபீல்டு நண்பர் கேட்டால், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

மைதானத்தைச் சுற்றிப் பாருங்கள். சுமார் ஐயாயிரம் பேருக்கு இடம். ஒரு பக்கத்துக் கூரையில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகைகள். புல்லுக்கு இரசாயனப் பூச்சி மருந்து கிடையாது. அந்தப் புல்லை, ஆள் துணையின்றித் தானே வழி கண்டுபிடித்துச் செல்லும் இயந்திரம் ஒன்று வெட்டுகிறது. இவ்வளவும் இருந்தும் இது கிராமத்து மைதானம்தான். ஆட்டக்காரர் மூச்சிரைப்பது காதில் விழும். பார்வையாளர் வைகிற வசவும் ஆட்டக்காரர் காதில் தவறாமல் விழும்.

2017-ல் வெம்ப்ளி மைதானத்தில் டிரான்மியர் ரோவர்ஸை 3-1 என்று தோற்கடித்து இந்தக் கோஷ்டி நான்காம் வகுப்பில் நுழைந்தது. லீக் பந்தயத்தில் இடம் பெற்ற ஊர்களுக்குள் இவ்வளவு சிறிய ஊர் அதற்குமுன் இருந்ததில்லை. 2022-ல் மூன்றாம் வகுப்புக்கும் ஏறியது. ஏறிய பிறகு மூச்சு முட்டிற்று. நாம் சொல்லும் மார்ச் மாதத்தில் அது அட்டவணையின் அடியில் கிடந்தது. உச்சிக்குப் போட்டியிட்ட ஷெபீல்டோ அண்மையில்தான் நெடுங்காலத் தோல்வியில்லா ஓட்டத்தை முடித்துக் கொண்டிருந்தது. முடிவு என்னவாகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

பாரஸ்ட் கிரீன் 1, ஷெபீல்டு 0.

பெரிய கோஷ்டிக்கு ஒரு நாள் சறுக்கல் என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. பருவ இறுதியில் கணக்குப் பார்த்தபோது, நேராக மேல் வகுப்புக்குப் போகும் இரண்டாவது இடம் 98 புள்ளிகளுடன் இப்ஸ்விச்சுக்குக் கிடைத்தது. ஷெபீல்டுக்கு 96. அன்று அந்தக் குன்றின் மேல் ஜயித்திருந்தால் மூன்று புள்ளிகள், 99 ஆகியிருக்கும். அது இல்லாமையால் அவர்கள் மேலும் மூன்று ஆட்டங்கள் ஆட வேண்டி வந்தது. பீட்டர்பரோவில் 0-4 என்று தோற்று, சொந்த ஊரில் அதைச் சரிக்கட்டிப் பெனால்டி உதைகளால் பிழைத்து, வெம்ப்ளியில் கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் கோல் போட்டு மேலேறினார்கள். நம் நண்பர் அந்த மூன்று ஆட்டங்களுக்கும் போயிருப்பார். அவருக்கு எத்தனை நரைமயிர் கூடிற்று என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

பாரஸ்ட் கிரீனுக்கு அந்த வெற்றி கைகொடுக்கவில்லை. 2023-ல் நான்காம் வகுப்புக்கும் 2024-ல் ஐந்தாம் வகுப்புக்கும் இறங்கியது. 2023 ஜூலையில் ஹன்னா டிங்லி என்ற மாதரசி அதன் ஆண்கள் கோஷ்டிக்குச் சில நாட்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். இங்கிலாந்தின் தொழில்முறைக் கோஷ்டிகளில் அதுவே முதல் தடவை.

வின்ஸுக்கு இன்னொரு கனவும் உண்டு. குன்றை விட்டு இறங்கி, மோட்டார் நெடுஞ்சாலை அருகில் முழுவதும் மரத்தாலேயே புதிய மைதானம் கட்டுவது. ஜாஹா ஹதீத் ஸ்தாபித்த கட்டடக் கலைஞர்களின் நிறுவனம் படம் வரைந்தது. 2019 ஜூனில் அதிகாரிகள் மறுத்தார்கள், டிசம்பரில் அனுமதித்தார்கள். மோட்டாரில் வருகிறவர்களுக்குச் சௌகரியம்தான். ஆனால் நெயில்ஸ்வொர்த் கடைத்தெருவில் சனிக்கிழமைகளில் வெளியூர்க் கம்பளித் துண்டுகளை அப்புறம் யார் பார்ப்பார்கள்? மைதானம் இறங்கிப் போனால் கோஷ்டியின் பெயரில் மட்டுமே ஊர் மிஞ்சும். கட்டட விஷயத்தில் கனவுக்காரர் தாமதமாகட்டும் என்றே நாம் ஆசைப்படுகிறோம்.

ஐந்தாம் வகுப்புக்கு இறங்கிய 2024-லும் ஆட்டம் குன்றின் மேல்தான் நடந்தது. எதிர்க் கோஷ்டியின் ரஸிகர்கள் அதே ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, பையில் என்ன வைத்திருக்கிறார்களோ என்ற கவலையுடன் ஏறிக் கொண்டிருந்தார்கள்.