பிழை சிவப்புச் சில்லிலா?



சென்ற ஞாயிறு மாலை எங்கள் விடுதிக் கூடத்தில் 'எந்திரன்' படத்தின் தெலுங்கு வடிவமான 'ரோபோ'வைக் காட்டினார்கள். 2010-இல் வந்த படம். எனினும் கூடம் நிறைந்துவிட்டது. படம் முடிந்தது, பிழை வேட்டை தொடங்கியது!

"பாட்டில் கிளிமஞ்சாரோ என்கிறார்கள்; ஆடுவதோ பெரு நாட்டு மச்சு பிச்சுவில்!" என்றார் ஒருவர். "கொசு பேசுமா?" என்றார் மற்றொருவர். 1897 ஆகஸ்டு 20 அன்று ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்ட ஊரல்லவா நமது செகந்திராபாத்! கொசு விஷயத்தில் நம்மை ஏமாற்ற முடியுமா? அதன் ரீங்காரம் சிறகிலிருந்து எழுவது, வாயிலிருந்து அன்று.

இயற்பியல் மாணவனான நான் சும்மா இருப்பேனா? தொலைவு இருமடங்கானால் காந்தத்தின் வலிமை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். தூரத்து அரிவாளை இழுக்கும் காந்தம் சிட்டியின் சொந்த மோட்டார்களையே முதலில் முடக்கிவிடும் என்றேன். கைதட்டினார்கள்.

சிரித்தோம்; சரி. ஆனால் இந்தப் படத்தின் உரையாடலில் பங்கு கொண்ட சுஜாதா, இயந்திரங்களோடு பழகிய பொறியாளர். படம் வருமுன், 2008-இல் மறைந்தார். அவர் கை பட்ட படத்தைக் கேலியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

படத்தின் பெரும்பிழை எது? கொடுமை முழுவதையும் ஒரு சிவப்புச் சில்லில் அடைத்துவிட்டதே! சில்லைக் கழற்றினால் சிட்டி நல்லவன். அப்படியானால் தீ விபத்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஆடையின்றி ஊரார் முன் தூக்கி வருகிறான் சிட்டி. நாணித் தெருவில் ஓடியவள் வண்டியில் அடிபட்டு மடிகிறாள். அப்போது சிவப்புச் சில்லே இல்லை! காப்பாற்று என்றார்கள், மானம் என்று ஒன்று உண்டென அதற்கு எவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இது கதை மட்டும் அன்று. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கார்த் தொழிற்சாலையில் 25 வயதுத் தொழிலாளி ஒருவர் இயந்திரக் கை மோதி மாண்டார். அந்தக் கைக்கு அவர்மீது என்ன பகை?

எங்கள் ஆய்வகத்துப் பம்பின் பெல்ட்டுக்கு ஒரு மூடி உண்டு. பழுது பார்க்கக் கழற்றினோம், மீண்டும் மாட்டவில்லை. மாட்டக் கால் மணி நேரம் ஆகுமே! ஒரு நாள் இளையவன் ஒருவனின் சட்டைக் கை அதில் சிக்கியது. கிழிந்தது சட்டை மட்டுமே; அது அவன் நல்லூழ். மூடியைக் கழற்றியவன் நான். என்னுள் எந்தச் சில்லும் இல்லை, அவசரம் இருந்தது.

படத்தின் பிழைகளை எண்ணுவோம், நண்பர்களே, தடையில்லை. அதற்குமுன் நம் ஆய்வகங்களில் கழற்றி வைத்த மூடிகளை எண்ணுவோம், எண்ணியபின் மாட்டுவோம்!