சர்வரைத் திட்டாதீர்கள், சுவரைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆன்லைன் சென்டர், ஜெராக்ஸ் கடை, சங்க அலுவலகம், பத்திரம் எழுதுகிற ஆபீஸ் என்று சின்னதாக ஏதாவது நடத்துகிறவர்கள் மட்டுமாவது முழுவதும் படியுங்கள்.

"சர்வர் டவுன்" என்பது இப்போது தமிழ்ச் சொல்லே ஆகிவிட்டது. குடுமியான்மலையிலிருந்தும் பரம்பூரிலிருந்தும் வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் பஸ் ஏறி அன்னவாசலுக்கு வருகிற பாட்டிகூட, "சர்வர் டவுனாம்ப்பா, நாளைக்கு வரச் சொல்லிட்டாக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒருநாள் சம்பளம். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருந்துவிட்டால் பிள்ளைக்கு அது ஒரு வருடம்.

சர்வர் நிஜமாகவே படுத்துவிடுகிற நாட்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். முன் அறையில் யூடியூப் தடையில்லாமல் ஓடும். ஸ்கேனரும் பிரிண்டரும் இருக்கிற பின் அறையில், ஓடிபி வந்து அதைத் தட்டுவதற்குள் பக்கம் காலாவதி ஆகிவிடும். ஒரே கட்டடம், ஒரே இணைப்பு. அங்கே படுத்தது சர்வர் அல்ல. நடுவில் நிற்கிற சுவர் வைஃபையைத் தின்றுவிட்டது.

பெரும்பாலும் இவை வாடகைக்குப் பிடித்த பழைய வீடுகள். ஒன்றரை அடிச் சுவர், சில இடங்களில் செம்புராங்கல். நடுவில் இரண்டு இரும்பு பீரோ. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர் வாசலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டிய இடத்தில் ஆணி அடித்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அது சுலபம். அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பும் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதி பீரோவில் முட்டுகிறது.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, கோளாறு யாருடையது என்பது. ஒரு போனை எடுத்துக்கொண்டு ரவுட்டருக்கு அடியில் நின்று வேகத்தைப் பாருங்கள். பிறகு பின் அறையில் பாருங்கள். இரண்டு இடத்திலும் மந்தம் என்றால் கம்பெனிக்குப் போன் போடலாம். முன்னால் நன்றாக இருந்து பின்னால் மட்டும் மந்தம் என்றால், கம்பெனிக்காரர் வந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. அது நம் வேலை.

இந்த இடத்தில்தான் மக்கள் காசை விடுகிறார்கள். முதல் ஆள் பெரிய பிளானுக்கு மாறுகிறார். 50 எம்பிபிஎஸ் இருந்தது 200 ஆகிறது. முன் அறை இன்னும் வேகமாகிறது, அவ்வளவுதான். தெருமுனைக் குழாயில் தண்ணீர் கூடினால் வீட்டுக் குடம் தானாக நிரம்பாது. அடுத்தவர் ஆறு கொம்பு வைத்த ரவுட்டர் வாங்குகிறார். வகுப்பில் மைக் வைத்துப் பேசினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். ஆனால் கடைசி பெஞ்சுப் பையனிடம் மைக் இல்லையே, அவன் சொல்வது வாத்தியாருக்கு எப்படிக் கேட்கும்? வைஃபை இரண்டு பக்கப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், சின்னப் போன் பதில் சொல்வது அந்தச் சுவரைத் தாண்டி வந்தாக வேண்டும்.

மூன்றாவதுதான் அதிகம் விற்பது: பிளக்கில் செருகும் ரிப்பீட்டர். பூஸ்டர் என்று சொல்லி விற்கிறார்கள். வடநாட்டுத் தலைவர் பேசும் பொதுக்கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த வேண்டும், பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு அவர் அடுத்ததைத் தொடங்க வேண்டும். அரைமணிப் பேச்சு ஒருமணி ஆகும். விலை குறைந்த ரிப்பீட்டர் இப்படித்தான் வேலை செய்கிறது. கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. அதையும் எங்கே செருகுகிறார்கள்? சிக்னலே வராத பின் அறையில். தனக்கே கேட்காததை அது யாருக்குத் திருப்பிச் சொல்லும்?

இந்த அலையின் சக்தி பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் நடந்தது. 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுக் கிராமங்களின் கண் சிகிச்சை மையங்களோடு வைஃபை மூலம் இணைத்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழு செய்த வேலை அது. நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே வைஃபை வகைதான். உயரக் கம்பம், ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆண்டெனா, தூரத்துக்குத் தக்கபடி மாற்றிய மென்பொருள். பல கிலோமீட்டருக்கு அப்பால் கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார்.

இடையில் மறைப்பு இல்லாவிட்டால் பல கிலோமீட்டர் போகிற அலை, நம் ஊரில் இரண்டு சுவரையும் ஒரு பீரோவையும் தாண்ட முடியாமல் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், சுவரோடு சண்டை போடாதீர்கள். சுவரில் ஒரு துளை போட்டு வயரை விடுங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டாவது ரவுட்டர் வையுங்கள். வயரில் போகிற இணைப்புக்குச் சுவரும் பீரோவும் ஒரு பொருட்டே இல்லை. ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம். நம் அலுவலகங்களுக்கு 15 மீட்டர் தாண்டாது.

அந்த இரண்டாவது ரவுட்டரைப் புதிதாக வாங்க வேண்டியதுகூட இல்லை. இணைப்பு மாற்றியபோது கழற்றிய பழையது பரணில் கிடக்கும். அதன் வயர் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் சான்றிதழ் வேலைக்குத் தாராளம். பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாத அளவுக்குப் பழையது என்றால் பரணிலேயே இருக்கட்டும். ஆதார் எண் போகிற வழி அது.

செய்முறை சொல்கிறேன். பழைய ரவுட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் குண்டூசியைப் பத்து வினாடி அழுத்தினால் பழைய அமைப்புகள் அழிந்துவிடும். அதை லேப்டாப்போடு மட்டும் வயரில் இணைத்து, அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் தட்டுங்கள். "ஆக்சஸ் பாயிண்ட்" என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டு மாற்றம் கையால் செய்ய வேண்டும். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். அடுத்து டிஎச்சிபி என்பதை அணைத்துவிடுங்கள்.

இந்த டிஎச்சிபியை அணைக்காமல் விட்டு "வைஃபை இருக்கு, நெட் வரலை" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அநேகம். உள்ளே வரும் ஒவ்வொரு போனுக்கும் எண் போட்டு டோக்கன் கொடுத்து, இன்டர்நெட்டுக்கு எந்த வாசல் என்று கைகாட்டுவது அதுதான். ஒரே ஆபீசில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே எண் இருவருக்கு வரும். பழைய ரவுட்டர் கைகாட்டும் வாசலில் இன்டர்நெட்டே இருக்காது. டோக்கன் கொடுப்பது முதல் ரவுட்டர் மட்டும்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் வேறாக வேண்டும்: ஒன்றில் 1 என்றால் மற்றதில் 6 அல்லது 11. இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். கடைசியாக வயர். முதல் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து பழையதின் லேன் துளைக்கு. கையால் அமைத்தவர்கள், தனி நிறத்தில் இருக்கும் வேன் துளையைத் தொட வேண்டாம்.

வயர் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு போட்டதும் கடையில் கிடைக்கிறது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மொட்டை மாடி வழியாகத் திறந்தவெளியில் இழுக்கவே வேண்டாம். ஐப்பசியில் ஒரு இடி இறங்கினால் இரண்டு ரவுட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும்.

மெஷ் வாங்கினால் வயரே வேண்டாமே என்பார்கள் சிலர். வீட்டுக்காரர் துளை போட விடவில்லை என்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதுவும் அதே சுவரைத்தான் தாண்ட வேண்டும். மூன்று அறை ஆபீசுக்கு அவ்வளவு செலவு எனக்கு அநியாயமாகத் தெரிகிறது.

தேனிக் கதையில் மீதி ஒன்று இருக்கிறது. அங்கே அலையைவிட அதிகம் படுத்தியது மின்சாரம். ஏறி இறங்கும் வோல்டேஜில் கருவிகள் கெட்டன. ஆகவே மின்சாரத்துக்குப் பாதுகாப்பு செய்ததோடு, சின்னக் கோளாறுகளை உள்ளூர் ஊழியர்களே பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். அன்னவாசலில் கரண்ட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பல ஆபீஸ்களில் முன் அறை ரவுட்டர் மட்டும் இன்வெர்ட்டரில் இருக்கும். பின் அறையில் இரண்டாவதை வைக்கும்போது அதையும் இன்வெர்ட்டரில் கொடுங்கள், அல்லது ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் போடுங்கள்.

இன்னொன்று, முதலாளிகளுக்கு. இந்த வேலையை டெக்னீஷியனை வைத்து செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள். எந்த ரவுட்டருக்கு என்ன முகவரி, என்ன கடவுச்சொல் என்று ஒரு நோட்டில் எழுதி மேஜைக்குள் வைக்கட்டும். அடுத்த முறை நின்றுபோனால் எங்கே நின்றது என்று அவருக்கே தெரியும். வாசலில் காத்திருக்கிறவரிடம் "பத்து நிமிஷம் உட்காருங்கம்மா" என்று சொல்ல முடியும். இப்போது அவருக்குத் தெரிந்த ஒரே பதில் "நாளைக்கு வாங்க". அதற்குத் திட்டு வாங்குகிறவரும் அவர்தான்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ரவுட்டர் மாடலை எழுதினால் போதும். அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், பாஸ்வேர்டு அதில்தான் இருக்கிறது.