சிறுக்க வேண்டியது கருவி மட்டுமன்று

சிறுநீரகம் செயலிழந்தோர் பலர் கிழமைக்கு மூன்று தடவை, ஏறத்தாழ நான்கு மணி நேரம் வீதம், குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்துடன் பிணைக்கப்படுகின்றனர். ஒவ்வொரு தடவையும் நூறு லீற்றருக்கும் மேலான நீர் தேவைப்படுகிறது. மயிரிழையொத்த நுண்கால்வாய்களினூடாகக் குருதியைச் செலுத்தி, கருவியையும் நீர்த்தேவையையும் சிறிதாக்கும் ஆய்வுகள் இன்று நடைபெறுகின்றன. இஃது இயலாததன்று. 1943இல், நாசிப் படைகளின் பிடியிலிருந்த நெதர்லாந்தில், செலோபேன் உறையைக் கொண்டே வில்லெம் கொல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார்.

ஒக்லாந்தில் வாழும் நாம் இதனை வெறும் விஞ்ஞானச் செய்தியாகக் கொள்ளவியலாது. சுத்திகரிப்புத் தேவைப்படும் பெற்றோரை நிரந்தரமாக இங்கு அழைக்க விழைவோருக்கு, நியூசிலாந்துக் குடிவரவு விதிகள் மருத்துவ விலக்கைப் பொதுவாக மறுக்கின்றன. செலவே அதற்கான நியாயம். அச்செலவு சிறுக்குமாயின் விதியும் தளரவேண்டும். முதியோருக்குக் காத்திருக்கக் காலமில்லை. நாம் இப்பொழுதே கேட்போம்.