நிமிர்ந்து நின்றால் போதுமா?

விடுமுறைக் காலங்களில் அவுஸ்திரேலியாவின் நெடுஞ்சாலைகளில் பயணிப்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்ட் ரேஞ்சர் போன்ற பிக்கப் வாகனங்கள் பெரிய கரவன்களை இழுத்துச் செல்லும். சிலவற்றின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் வானத்தைப் பார்க்கும். இத்தாழ்வைப் போக்கத் தடித்த தகட்டு ஸ்பிரிங்குகளும், துணைக் காற்றுப் பைகளும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. பூட்டியவுடன் வாகனம் நிமிர்ந்து விடுகிறது. உரிமையாளரும் நிம்மதி அடைகிறார். அந்த நிம்மதிதான் ஆபத்தானது என்பது எனது கருத்து.

இவ்வகை வாகனங்களிற் பல 3,500 கிலோ வரை இழுக்கத்தக்கவை. ட்ரெய்லர் ஆட்டங்காணாமல் வருவதற்கு அதன் நிறையில் ஏறத்தாழ 10 வீதம் இணைப்புக் கொக்கியின் மீது அழுத்த வேண்டும். அதாவது 350 கிலோ. வாகனம் சுமக்க அனுமதிக்கப்பட்ட நிறையிலிருந்தே இதனையும் கழிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர்.

இன்னொரு கணக்கும் உண்டு. அச்சுகளுக்கு இடையே 3.2 மீற்றரும், பின்னச்சிலிருந்து கொக்கி வரை 1.2 மீற்றரும் இருப்பதாகக் கொள்வோம். அந்த 350 கிலோ நெம்புகோல் போல் இயங்கி, முன்சில்லுகளிலிருந்து ஏறத்தாழ 130 கிலோவைத் தூக்கிவிடும். பின்னச்சின் மீது 480 கிலோ கூடிவிடும். வாகனத்தைத் திருப்புவதும், பிறேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்சில்லுகளே. புதிய ஸ்பிரிங்குகள் உயரத்தைச் சீராக்குமே தவிர, இழந்த நிறையை முன்னச்சுக்கு மீட்டுத் தருவதில்லை. அதற்கெனப் பாரத்தைப் பகிரும் தனிவகைக் கொக்கிகள் இருக்கின்றன.

காற்றுப் பைகளில் வேறொரு சிக்கலும் உள்ளது. தகட்டு ஸ்பிரிங் தன் இரு முனைகளிலும் பாரத்தைப் பிரித்து அடிச்சட்டத்துக்கு அளிக்கிறது. காற்றுப் பையோ இடையில் ஒரே இடத்தில் முட்டுகிறது. மிகையான பாரத்துடன் கரடுமுரடான பாதைகளில் ஓடி, அடிச்சட்டமே வளைந்துபோன வாகனங்கள் அங்கு உண்டு. பின்புறம் தாழ்வது பாரம் மிகுந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. காற்றுப் பை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடக்கூடும்.

மேம்படுத்தலே தவறென்று நான் கூறவில்லை. சட்டபூர்வமாகச் சான்றளிக்கப்பட்டு, வாகனத்தின் மொத்த நிறை எல்லையை உயர்த்தும் முறையும் அவுஸ்திரேலியாவில் உண்டு. ஆயினும் இழுவை எல்லை அதனால் தானாக உயர்வதில்லை. எல்லை மீறிய வாகனம் விபத்துக்குள்ளானால் காப்புறுதிக் கோரிக்கை நிராகரிக்கப்படவும் கூடும்.

ஆகவே, பணத்தைச் செலவிடுமுன் குடும்பத்தினர், பொருட்கள், கரவன் சகிதம் எடைப்பாலத்துக்குச் சென்று ஒவ்வோர் அச்சின் நிறையையும் அறிந்து கொள்ளுங்கள். எல்லைக்குள் இருந்தும் பின்புறம் தாழ்ந்தால் ஸ்பிரிங்கை மாற்றலாம். எல்லையைத் தாண்டியிருந்தால் குறைக்க வேண்டியது பாரத்தையே. எதிர்த்திசையில் வரும் குடும்பத்தின் உயிரும் அந்தத் தீர்மானத்தில் தங்கியுள்ளது.