கேட்காமல் வாங்கிய பொன்

நகைக்கடை ரசீதை நாம் படிப்பதில்லை. மொத்தத் தொகையைப் பார்க்கிறோம். "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்கிறோம். கல்லாவில் இருப்பவர் சில நூறு ரூபாய் குறைத்ததும் நிறைவோடு எழுந்துவிடுகிறோம். நிகர எடை எவ்வளவு, கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள், சேதாரம் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமக்கு ஒன்றுதான். ரசீது மடிந்து நகைப்பெட்டிக்குள் போய்விடுகிறது. வீட்டுக்கும் நிலத்துக்கும் அடுத்தபடியாக ஒரு தமிழ்க் குடும்பம் தன் சேமிப்பைக் கொட்டி வாங்கும் பொருளை நாம் இப்படித்தான் வாங்குகிறோம். தலைமுறை தலைமுறையாக நாம் எல்லோரும் சேர்ந்து செய்துவரும் அலட்சியம் இது.

கடையை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? கைராசி பார்க்கிறோம். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடை, மாமா வீட்டில் வழக்கமாக எடுக்கும் கடை என்று போகிறோம். விளம்பரத்தில் வரும் நடிகரை நம்புகிறோம். அட்சய திருதியை அன்று கூட்டத்தில் முண்டியடித்து, நின்று பார்க்க நேரமில்லாத அந்த ஒரு நாளில்தான் வாங்கியாக வேண்டும் என்று நினைக்கிறோம். நம்பிக்கை வைப்பது குற்றமில்லை. நம்பிக்கை இல்லாமல் எந்த வியாபாரமும் நடக்காது. ஆனால் கேள்வி இருக்க வேண்டிய இடத்தையும் நம்பிக்கைக்கே கொடுத்துவிட்டோம். கேட்டால் கடைக்காரர் மனம் நோகுமோ, நம்மை விவரமில்லாதவர் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் அதோடு சேர்ந்துகொண்டது.

ஒரு காலத்தில் நாம் கேள்வி கேட்கத் தெரியாதவர்களாக இருக்கவில்லை. பத்தரிடம் தங்கத்தைக் கொடுத்தவர்கள் அவர் உருக்கும்போது எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். உரைகல்லில் தேய்த்துக் காட்டச் சொன்னார்கள். கொடுக்கும்போது ஒரு முறை, வாங்கும்போது ஒரு முறை நிறுத்துப் பார்த்தார்கள். சொந்தத் தாய்க்குச் செய்தாலும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார் என்று அவரைப் பற்றிப் பழமொழியே சொல்லிவைத்தோம். நம் கண் முன்னால் நெருப்பூதி, குனிந்து உட்கார்ந்து வேலை செய்த ஏழைத் தொழிலாளியின் மீது அவ்வளவு சந்தேகம் வைத்தோம். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வந்தவுடன் அந்தச் சந்தேகம் முழுவதையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனோம். ஏழையிடம் கணக்குக் கேட்பதும் பணக்காரனிடம் வாய் மூடி நிற்பதும் நம் பழக்கமாகிவிட்டது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சேதாரத்தை எடுத்துக்கொள்வோம். நகை செய்யும்போது அராவுவதிலும் உருக்குவதிலும் பற்றவைப்பதிலும் கொஞ்சம் பொன் குறையும். கையால் செய்த காலத்தில் அந்தக் குறைவை வாங்குபவர் ஈடுகட்டுவது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அராவிய தூளைப் பட்டறைகள் எறிவதில்லை, சேர்த்து உருக்கி மீட்கின்றன. நகைப்பட்டறைத் தெருக்களின் மண்ணைக்கூட அள்ளிச் சலித்துப் பொன்பொடி எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று பல நகைகள் அச்சிலும் இயந்திரத்திலும் உருவாகின்றன. அப்படியிருந்தும் சேதாரம் ஒற்றை இலக்கத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல்வரை, கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் வேறுபடுகிறது. இது எதற்கான பணம் என்று நாம் கேட்டதில்லை.

அதன் கணக்கு நடக்கும் விதத்தையும் கவனிக்கவில்லை. 8 கிராம் சங்கிலிக்கு 15 சதவீதம் சேதாரம் என்றால் 1.2 கிராம் பொன்னுக்கான விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறோம். கிராம் 5,000 ரூபாய் விற்றால் அது 6,000 ரூபாய். கிராம் 10,000 ரூபாயானால் 12,000 ரூபாய். சங்கிலி மாறவில்லை. செய்த இயந்திரம் மாறவில்லை. உழைத்தவரின் கூலி இரட்டிப்பானதற்கான அறிகுறி எதுவும் ரசீதில் இல்லை. தங்கம் ஏறும்போது சேதாரமும் கூடவே ஏறுகிறது, அதன் மீது 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்கிறது. 2025 ஏப்ரலில் சென்னையில் ஒரு பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியபோது வீட்டுத் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் விலையேற்றத்தைப் பற்றிப் பேசினோம். உலகச் சந்தையைத் திட்டினோம், டாலரைத் திட்டினோம். நம் ஊர்க் கடையில், நம் எதிரில் வைத்தே போடப்படும் சதவீதத்தைப் பற்றிப் பேசவில்லை. நாம் கொடுக்கும் செய்கூலியிலும் சேதாரத்திலும் எவ்வளவு கோயம்புத்தூர்ப் பட்டறையில் இருக்கும் பத்தர் கைக்குப் போகிறது என்றும் கேட்கவில்லை.

அந்தத் தொழிலாளிக்கு நாம் செய்த இன்னொரு துரோகமும் உண்டு. கே.டி.எம். நகை என்றால் சுத்தமான நகை என்று பல ஆண்டுகள் நம்பி, கேட்டுக் கேட்டு வாங்கினோம். அது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகை. பழைய முறையில் பற்றவைத்தால் நகையின் மொத்தத் தரம் குறையும், காட்மியத்தில் அவ்வளவு குறையாது. கடைகளும் அதைத் தரத்தின் அடையாளமாகவே விளம்பரம் செய்தன. பற்றவைக்கும்போது எழும் காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. காற்றோட்டமில்லாத அறைகளில் அதைச் சுவாசித்தவர்கள் நம் நகையைச் செய்தவர்கள். பிறகு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஹால்மார்க் நகைகளில் காட்மியத்தை அனுமதிக்க மறுத்தது. வாங்கியவர்களாகிய நாம் அதற்காக ஒரு குரலும் எழுப்பியதில்லை. தூய்மை வேண்டும் என்றோம். அதற்கு யாருடைய உடம்பு விலையாகப் போகிறது என்று யோசிக்கவில்லை.

ஹால்மார்க்கின் கதையிலும் நம் பங்கு இப்படித்தான். தங்கத்துக்கான ஹால்மார்க் திட்டம் 2000-இல் வந்தது, விரும்பிய கடை சேரலாம் என்ற அளவில். கட்டாயமானது 2021 ஜூனில், அதுவும் முதலில் நாட்டின் 256 மாவட்டங்களில் மட்டும். இடையில் 21 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை சீமந்தம்! வாங்குபவர்கள் கடைக்குக் கடை 'முத்திரை இல்லாவிட்டால் வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் சட்டத்துக்காக இவ்வளவு காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு ஹால்மார்க் நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் இருக்க வேண்டும். தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, 22 காரட் என்றால் 916 என்ற தரக் குறி, அதோடு இந்த ஆறு இலக்கம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அதை அடித்தால் எந்தக் கடையின் பெயரில், எந்த மையத்தில், என்ன தரத்தில் பரிசோதித்தார்கள் என்று காட்டும். குறி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது என்பதால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. லென்ஸ் கொடுங்கள் என்று கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? கைப்பேசியில் ஆயிரம் ரூபாய்ச் சட்டைக்கு நூறு பேரின் கருத்தைப் படித்துவிட்டு வாங்கும் பிள்ளைகள், லட்ச ரூபாய் நெக்லஸுக்கு அந்த ஆறு இலக்கத்தை அடித்துப் பார்ப்பதில்லை.

என்னை அதிகம் வருத்துவது சட்டத்தில் உள்ள ஒரு விலக்கு. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு உட்பட்ட கடைக்கும் கட்டாயமில்லை. மிகச் சிறிய பொருளில் முத்திரை குத்துவதில் உள்ள சிரமமும் சிறு வியாபாரியின் சுமையும் காரணங்களாக இருக்கலாம். ஆனால் அந்த 2 கிராமுக்குள் எது எது வருகிறது என்று பாருங்கள். மூக்குத்தி, குழந்தையின் காதுகுத்துக் கம்மல், தாலியில் கோக்கும் குண்டு, காசு, சின்ன மோதிரம். வீட்டு வேலை செய்பவரும் கட்டட வேலைக்குப் போகும் சித்தாளும் நூறுநாள் வேலைக்குப் போகும் பாட்டியும் வாங்கும் பொன் இது. சின்ன ஊர்க் கடைவீதியில், தெரிந்த கடையில் வாங்குவார்கள். பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை அது தொடவில்லை. 10 பவுன், 50 பவுன் வாங்கும் நாம், நமக்கு முத்திரை கிடைத்ததும் அமைதியாகிவிட்டோம். நம் வீட்டில் வேலை செய்யும் பெண் பேத்திக்குக் கம்மல் வாங்கிவந்து காட்டும்போது "நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். ரசீது கொடுத்தார்களா என்று கேட்டிருக்கிறோமா?

அவர்களுக்கு உண்மை தெரியவருவது அடகு வைக்கும்போதுதான். மருத்துவச் செலவுக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, விதைப்புக்கு என்று நகையை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ போனால் மதிப்பீட்டாளர் கல்லைக் கழிக்கிறார், அரக்கைக் கழிக்கிறார், தரத்தைக் குறைத்துச் சொல்கிறார். வாங்கும்போது பொன் விலையில் நிறுத்த கல்லுக்கு அங்கே மதிப்பில்லை. வாங்கிய கடைக்கே திரும்பப் போனாலும் சேதாரமும் செய்கூலியும் போனது போனதுதான். ரசீது இல்லையென்றால் கேட்கவும் வழியில்லை. ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி 2021-இல் தமிழக அரசின் பெரிய அறிவிப்பாக இருந்தது என்றால், இங்கே பொன்தான் ஏழைப் பெண்ணின் காப்பீடு, ஓய்வூதியம், அவசர நிதி எல்லாம் என்று அர்த்தம். அந்தக் காப்பீட்டின் தரத்தை வாங்கும் இடத்திலேயே உறுதிசெய்ய வேண்டும் என்று நாம் ஒரு சமூகமாக வற்புறுத்தவில்லை.

பத்திரிகைகளில் எழுதும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அட்சய திருதியைக்கும் தீபாவளிக்கும் முழுப்பக்க நகை விளம்பரங்கள் வந்தன. பக்கத்துப் பக்கத்தில் எந்த ராசிக்கு எந்த நேரத்தில் வாங்கலாம் என்று எழுதினோம். மாதாமாதம் பணம் கட்டி நகை எடுக்கும் 11 மாதச் சீட்டின் விளம்பரத்தைப் போட்டோம். அந்தச் சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது, 365 நாளைத் தாண்டினால் கம்பெனிச் சட்ட விதிகளின்படி அந்த முன்பணம் வைப்புத்தொகையாகிவிடும் என்ற எளிய விஷயத்தை விளக்கவில்லை. கடை மூடினால் கட்டிய பணம் என்னவாகும் என்றும் எழுதவில்லை. ரசீதை எப்படிப் படிப்பது என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். செய்யவில்லை.

கடைகள் நமக்குக் கடன்பட்டிருப்பது தர்மமோ சலுகையோ அல்ல, தகவல். தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமை 1986-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே நமக்கு வந்துவிட்டது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் ரசீது தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. ஹால்மார்க் நகைக்கான ரசீதில் நிகர எடை, காரட், தரம், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியே இருக்க வேண்டும். முத்திரை சொல்லும் தரத்தைவிட நகை குறைந்திருந்தால், தரத்தில் குறைந்த அளவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெறலாம் என்று 2018-இன் விதிகள் சொல்கின்றன. வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. இவ்வளவும் கையில் இருக்கிறது. கேட்காதவர்கள் ஊரில், சொல்லாமல் விற்பதுதான் வியாபாரம் என்று கடைகள் கற்றுக்கொண்டன. நேர்மையாக எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும் கடைக்காரரும் இருக்கிறார். குறைந்த சேதாரம் வாங்குகிற, லென்ஸைத் தானே எடுத்து நீட்டுகிற அவரை நாம் தேடிப் போகவில்லை. வாசலில் பெரிய வெளிச்சம் போட்டவரிடமே போனோம். நேர்மைக்குக் கூட்டம் சேராத தெருவில் நேர்மையாக இருப்பவர் நஷ்டப்படுகிறார், அந்த நஷ்டத்துக்கும் நாம்தான் பொறுப்பு.

அடுத்த முறை நகைக்கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லென்ஸைக் கேளுங்கள், ஆறு இலக்கத்தைச் செயலியில் பாருங்கள், கல் நீக்கிய எடையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், சேதாரம் ஏன் இத்தனை சதவீதம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு கிராம் கம்மலுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருப்பவருக்கும் அது உதவும். உங்கள் வீட்டில் வேலை செய்பவர் நகை வாங்கப் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி அவரோடு போய்வாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதை அவர் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த பொன்னுக்கும் தரச்சான்று வேண்டும் என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். அந்த விலக்கைத் தந்தது ஒன்றிய அரசின் ஆணை, அதைத் திருத்த வேண்டியதும் அவர்கள்தான்.